நாலு தலைமுறைக் கிணறு

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்கலாகாது என்பது எங்கள் ஊர்ப் பெரியோர் வாக்கு. அண்மையில் எமது வீட்டிலே இவ்விரண்டு பழிகளையும் ஒருங்கே ஏற்க வேண்டிய நிலை எமக்கு உண்டாயிற்று. நிகழ்ந்தது சிறிய நிகழ்ச்சிதான். ஆயினும் அது தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் இடையிலே ஐந்தாறு தேசங்களும் நூற்றைம்பது ஆண்டுகளும் கிடக்கின்றன. ஆதலால் நேயர்கள் சற்றுப் பொறுமையோடு எம்முடன் வருதல் வேண்டும்.

எமது கடைசித் தங்கை தலைப்பிள்ளைப் பேற்றுக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். அவளைப் பார்க்க வந்த குடும்பநல உத்தியோகத்தர், ஊருக்குப் புதியவரேனும் கண்ணும் கருத்தும் உடையவர். தங்கையைப் பார்த்தபின் கிணற்றடிக்குச் சென்றார். கிணற்றைப் பார்த்தார், மலகூடத்தின் குழியைப் பார்த்தார், பின்னர் ஒன்றும் பேசாமல் இரண்டுக்கும் இடையே காலடி வைத்து அளந்தார். இருபத்தைந்து அடிகூடத் தேறவில்லை. "இந்தத் தண்ணீரை எப்போதாவது பரிசோதித்தீர்களா?" என்று கேட்டார்.

எமது அன்னையாருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் போனபின் எம்மை அழைத்து, "தம்பி, நாலு தலைமுறையா இந்தக் கிணத்துத் தண்ணியைக் குடிச்சுத்தான் வளர்ந்தனாங்கள். இப்ப மட்டும் அதிலை என்ன நஞ்சு வந்தது? வேணுமெண்டால் கொதிக்க வைச்சுக் குடுப்பம்" என்றார்.

நியாயமான கேள்வி. அதற்கு விடை காணும் பொருட்டு ஒரு போத்தல் தண்ணீரைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினோம். வந்த விடை: லீற்றருக்கு 68 மில்லிகிராம் நைத்திரேற்று. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை 50. எமது நாட்டின் எல்லையும் அதுவே.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நாம் வெகுநேரம் இருந்தோம். இருபது ஆண்டுகளாக வகுப்பறைக் கரும்பலகையிலே நைதரசன் வட்டத்தை வரைந்து வருகிறோம். வளி, மண், செடி, விலங்கு, மீண்டும் மண், மீண்டும் வளி என்று அம்புக்குறிகள் அழகாகச் சுற்றிவரும். அவற்றுள் ஓர் அம்பு எமது கொல்லைப்புறத்திலிருந்து எமது கிணற்றுக்குள்ளே பாய்வதை நாம் கண்டோமில்லை. அந்தக் குழியைப் பத்து ஆண்டுகளுக்கு முன் வெட்டுவித்தவரும் நாமே. முதுமையடையும் அன்னையார் இரவில் நெடுந்தூரம் நடக்கலாகாது என்று, பழைய இடத்தை விட்டு வீட்டோடு சேர்த்துக் கட்டினோம். பாசம் கண்ணை மறைத்தது. படிப்பு அதை விலக்கவில்லை.

முதலிலே அன்னையாரின் பரிகாரத்தைப் பார்ப்போம். கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், நைத்திரேற்று சாகாது. அது உயிரன்று, உப்பு. நீர் ஆவியாகிக் குறையக் குறைய எஞ்சிய நீரிலே அதன் செறிவு கூடும். நிறமில்லை, மணமில்லை, ஆதலால் நாவும் கண்ணும் இதனைக் காட்டிக்கொடா.

வளர்ந்தோருக்கு இதனால் உடனடித் தீங்கு பெரிதாக நேர்வதில்லை. பச்சிளங் குழந்தைகளின் நிலை வேறு. அவர்களுடைய குடலிலே சில பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றிவிடும். நைத்திரைற்று இரத்தத்திற் கலந்து, ஒட்சிசனைச் சுமக்கும் செம்பொருளை அச்சுமையைத் தாங்காதவாறு கெடுத்துவிடும். குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கெட்டதைத் திருத்தும் நொதியம் அந்த வயதிலே போதிய அளவு இராது. 1945ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டின் அயோவா மாநிலத்து மருத்துவர் ஹன்ரர் கொம்லி என்பார், பண்ணை வீட்டுக் கிணற்று நீரிற் பால்மா கரைத்து ஊட்டப்பட்ட குழந்தைகள் நீலமானதைக் கண்டு, காரணம் கிணற்று நைத்திரேற்றே என்று எழுதினார். தாய்ப்பால் மட்டும் உண்ணும் குழந்தைக்கு இந்த அபாயம் பெரும்பாலும் இல்லை. தாய் குடித்த நீரிலுள்ள நைத்திரேற்று பாலிலே செறிந்து சேர்வதில்லை என்பது இயற்கை செய்த ஏற்பாடு.

இனி, அன்னையாரின் கேள்வி. நஞ்சு எங்கிருந்து வந்தது?

நாம் உண்ணும் பருப்பிலும் மீனிலும் முட்டையிலும் உள்ள புரதத்தில் நைதரசன் உண்டு. வளர்ந்த ஒருவர் உடலுக்குள் செல்லும் நைதரசன் ஏறக்குறைய அவ்வளவும், நாளொன்றுக்குச் சுமார் 12 கிராம், கழிவாக வெளியேறுகிறது; அதிற் பெரும்பகுதி சிறுநீர் வழியே செல்கிறது. குழியிலே அது அமோனியாவாகிறது. அமோனியா மண்ணிலுள் இறங்கும்போது வேறொன்றாகிறது.

அவ்வேறொன்றின் மர்மத்தை 1877இல் பிரான்சிய அறிஞர்களான சுலோசிங், மூன்ற்ஸ் என்னும் இருவர் வெளிப்படுத்தினர். நீண்ட குழாய் ஒன்றிலே மணலையும் சுண்ணாம்புக்கற் பொடியையும் நிரப்பி, அதனூடே நகரக் கழிவுநீரை மெல்ல மெல்ல வடியவிட்டனர். ஏறத்தாழ இருபது நாட்கள் வரை ஒரு மாற்றமும் இல்லை. அதன் பின்னர் அமோனியா மறைந்து நைத்திரேற்று வெளிப்பட்டது. வெறும் இரசாயன மாற்றமாயின் இருபது நாள் தாமதிப்பானேன்? குழாய்க்குள் குளோரபோம் ஆவியைச் செலுத்தினர், மாற்றம் நின்றது. ஆவியை நீக்கித் தோட்ட மண் கழுவிய நீரிற் சிறிது சேர்த்தனர். மாற்றம் மீண்டும் தொடங்கிற்று. செய்தவை உயிர்கள் என்பது துலங்கிற்று. 1890இல் சூரிச் நகரிலிருந்த உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி அவ்வுயிர்களைப் பிரித்தெடுத்தார். ஒரு வகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக்கும். மற்றொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக்கும். காபனீரொட்சைட்டிலிருந்து தமது உடலைக் கட்டிக்கொண்டு, அமோனியாவை ஒட்சிசனால் எரித்துப் பெறும் சக்தியில் வாழும் தவசிகள் அவை.

மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய அந்தக் குழாய் எமக்கு எதனை நினைவூட்டுகிறது? எமது யாழ்ப்பாணக் குடாநாட்டையே! மேலே மெல்லிய மண். கீழே வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல். அதற்குள்ளே மாரி மழை நிரப்பிய நன்னீர். அதன் கீழே கடலின் உவர்நீர். வற்றாத ஆறு எமக்கில்லை; கிணறே எமது ஆறு. மண்ணிலே அமோனியா ஓரளவு ஒட்டி நிற்கும், நைத்திரேற்று ஒட்டுவதில்லை. மழை நீரோடு ஓடித் துவாரங்களின் வழியே கிணற்றைச் சேரும். 1980கள் தொட்டு நடைபெற்ற பல ஆய்வுகள், வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றிலே நைத்திரேற்று எல்லை கடந்திருப்பதைக் காட்டியுள்ளன. மலகூடக் குழிகளும், வெங்காயம், புகையிலை, மிளகாய்த் தோட்டங்களுக்கு அளவுமீறி இடப்படும் பசளையும் காரணம் என்பது அவற்றின் துணிபு.

ஒரு சிறு கணக்கு. ஒருவரின் ஒருநாள் நைதரசன் 12 கிராம் முழுவதும் நைத்திரேற்றானால் 53 கிராம் ஆகும். அதனை 50 மில்லிகிராம் எல்லைக்குட் கரைக்க ஆயிரம் லீற்றருக்கு மேற்பட்ட தூய நீர் வேண்டும். ஐவர் வாழும் வீட்டுக்கு நாள்தோறும் ஐயாயிரம் லீற்றர்! அன்னையாரின் கேள்விக்கு விடை இதிலே உண்டு. நாலு தலைமுறைக்கு முன் பெரிய வளவிலே ஒரு வீடு. குழி என்பதே இல்லை. வயலும் பற்றையும் உரத்தை ஏற்றன. இன்று அதே வளவிலே நான்கு வீடுகள், நான்கு குழிகள், நான்கு கிணறுகள். கிணறு மாறவில்லை, கிணற்றைச் சூழ்ந்த நாம் மாறினோம்.

நைதரசனை நைத்திரேற்றாக்கியவை பற்றீரியாக்கள் எனின், அதனை வளிக்குத் திருப்பி அனுப்பவும் அவற்றாலேயே முடியும். 1880களில் போர்தோ நகரத்து கேயோன், டுப்பெற்றி என்னும் இருவர், ஒட்சிசன் இல்லாத இடத்தில் வேறு சில பற்றீரியாக்கள் நைத்திரேற்றையே சுவாசித்து, அதிலுள்ள ஒட்சிசனை எடுத்துக்கொண்டு, நைதரசன் வாயுவை வெளிவிடுவதை ஆராய்ந்து காட்டினர். வளியில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்காய் உள்ள அதே தீங்கற்ற வாயு! ஆயின் இவை தவசிகள் அல்ல. உண்பதற்குக் காபன் சேர்ந்த உணவு இவற்றுக்கு வேண்டும்.

இவ்விரு கூட்டத்தாரையும் வேலைக்கு அமர்த்தியதே கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் வரலாறு. 1914இல் இங்கிலாந்தின் மஞ்செஸ்ரர் நகரில் ஆடேன், லொக்கற் என்னும் இருவர் கழிவுநீரைப் போத்தலில் இட்டுக் காற்றை ஊதினர். அமோனியா முற்றாக மாற ஐந்து வாரங்கள் சென்றன. தெளிந்த நீரை மாத்திரம் வடித்து, அடியிற் படிந்த சேற்றை எறியாமல் வைத்துப் புதிய கழிவுநீரை ஊற்றினர். மீண்டும் மீண்டும் இவ்வாறு செய்ய, வாரக் கணக்கு மணிக் கணக்காயிற்று. உறைமோரைக் காத்து வைத்து அடுத்த நாட் பாலுக்கு இடும் எமது பெண்களுக்கு இதன் சூட்சுமம் சொல்லாமலே விளங்கும். 1970களில் தென்னாபிரிக்காவிலே ஜேம்ஸ் பானாட் என்னும் பொறியியலாளர், காற்றூதும் தொட்டியையும் காற்றில்லாத் தொட்டியையும் ஒழுங்காக இணைத்து, கழிவுநீரிலுள்ள காபனையே உணவாகக் கொடுத்து நைதரசனை வெளியேற்றும் முறையைச் சீர்ப்படுத்தினார்.

எனினும் செலவு மிகப் பெரிது. ஒரு கிராம் அமோனியா நைதரசனை எரிக்க நான்கு கிராமுக்கு மேல் ஒட்சிசன் வேண்டும். காற்றூதும் இயந்திரங்கள் இரவு பகலாக மின்சாரத்தை விழுங்கும். கழிவிலே காபன் போதாவிடில் மதுசார வகைகளை விலைக்கு வாங்கி ஊற்றவேண்டும்.

இவ்விடத்திலே கதை ஒல்லாந்துக்குச் செல்கிறது. எமது நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் 'டெல்வ்ற்' என்று பெயரிட்டனர் அன்றோ? அந்தப் பெயருக்குரிய மூல நகரத்திலே, 1980களின் பிற்பகுதியில், நொதியத் தொழிற்சாலை ஒன்றின் கழிவுநீரை ஆர்னோல்ட் முல்டர் என்பவர் பரிசீலித்து வந்தார். காற்றே இல்லாத கலத்தில் நைத்திரேற்று மறைவது எதிர்பார்த்ததே. ஆயின் அமோனியாவும் உடன் மறைந்தது! ஒட்சிசன் இல்லாமல் அமோனியா மாறாது என்பதே அதுவரை பாடநூல் சொன்ன செய்தி. வியன்னாவைச் சேர்ந்த எங்கல்பேட் புரோடா என்னும் அறிஞர் மாத்திரம், இத்தகைய உயிர் இயற்கையில் இருத்தல் வேண்டும், நாம்தான் அதனை இன்னும் காணவில்லை என்று 1977இலேயே கணக்கிட்டு எழுதியிருந்தார். 1995இல் முல்டரும் டெல்வ்ற் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கூனனும் பிறரும் இதனை வெளியிட்டனர். 1999இல் அந்தப் பற்றீரியா இன்னதென அடையாளம் காணப்பட்டது.

அமோனியாவையும் நைத்திரைற்றையும் ஒன்றோடொன்று சேர்த்து, நேரே நைதரசன் வாயுவும் நீருமாக்கிவிடுவது இதன் தொழில். செந்நிறமானது, இடைநடுவே, உந்துகணைகளுக்கு எரிபொருளாகும் ஐதரசீன் என்னும் கொடிய பொருளைத் தன் உடலுக்குள்ளேயே ஆக்கி அழிக்கிறது. இதற்குக் காபன் உணவு வேண்டியதில்லை. அமோனியாவிற் பாதியை மட்டும் நைத்திரைற்றாக்கினாற் போதும். ஆகவே ஒட்சிசன் தேவையும் நூற்றுக்கு அறுபது அளவிற் குறைகிறது. 2003இல் கருங்கடலிலும் மத்திய அமெரிக்கக் கரையிலும் இவ்வுயிர்களின் செயல் கண்டறியப்பட்டது. உலகக் கடல்களிலே மனிதன் பிறக்குமுன்பே இத்தொழில் நடந்து வந்திருக்கிறது.

குறை ஒன்றுண்டு. சாதாரணக் குடற் பற்றீரியா இருபது நிமிடத்தில் இரட்டிக்கும்; இதுவோ இரட்டிக்கப் பதினொரு நாள் எடுத்தது. 2002இல் றொட்டர்டாம் நகரில் முதலாவது பெரிய கலத்தைக் கட்டினர். அதன் கொள்ளளவு எழுபது கன மீற்றர். அது நிறைவாக வேலை செய்யத் தொடங்க மூன்றரை ஆண்டு சென்றது! இடையிலே மனம் சலித்துக் கலத்தைக் கழுவியிருந்தால் அந்த முயற்சி அன்றே முடிந்திருக்கும். காத்திருந்தார்கள். 2014 அளவில் உலகிலே நூற்றுக்கு மேற்பட்ட கலங்கள் இவ்வழியில் இயங்கின.

இவையெல்லாம் குழாய் வழியே கழிவைத் திரட்டும் நகரங்களுக்கு ஏற்றவை. வீட்டுக்கொரு குழியுள்ள எமக்கு என்ன வழி? அதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு. கனடாவின் ஒன்ராறியோவில் றொபேட்சன், செரி என்னும் இரு அறிஞர்கள், வீட்டுக் கழிவுத் தொட்டியிலிருந்து நிலத்துள் செல்லும் நீரின் பாதையிலே மரத்தூள் கலந்த ஒரு படையை நிலத்தடியிற் புதைத்து, அதன் பயனை 1995இல் வெளியிட்டனர். மேலே மண்ணிற் காற்றுபட்டு நைத்திரேற்றான நீர், கீழே ஈரமான மரத்தூளைக் கடக்கும்போது, அங்கே வாழும் பற்றீரியாக்கள் மரத்தூளை மெல்ல உண்டு, நைத்திரேற்றைச் சுவாசித்து, நைதரசனை வளிக்கு அனுப்பின. இயந்திரமில்லை, மின்சாரமில்லை. இத்தகைய படையொன்று பதினைந்து ஆண்டுகளின் பின்னரும் வேலை செய்தது. எமது சுண்ணாம்புக்கல் நிலத்துக்கு இதனை எவ்வாறு பொருத்தலாம் என்பதை ஆராய்வது எமது மாணாக்கர்க்கு நல்லதொரு பணி. அதுவரை செய்யத்தக்கவை எளியவை: அடித்தளம் மூடிய தொட்டி கட்டுதல்; சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டுத் தூரம் விடுதல்; பசளையை அளந்து இடுதல்; பச்சிளங் குழந்தையுள்ள வீட்டார் கிணற்று நீரைச் சோதிப்பித்தல்.

இனி எமது வீட்டுச் செய்தி. பழைய குழியை வெறுமையாக்கி மூடினோம். வளவின் கடைக்கோடியில் அடி மூடிய தொட்டி கட்டுவித்தோம். செலவுக்குக் கடன் பட்டோம் என்பதை மறைப்பதற்கில்லை. அதைவிடக் கடினமான காரியம் ஒன்றிருந்தது. எமது குழிக்கு முப்பது அடியிலே அயல்வீட்டுக் கிணறு உண்டு. நிலத்தடி நீர் வேலி பார்த்து ஓடுவதன்று. ஒருநாள் மாலை வேலிப் பொட்டால் நுழைந்து சென்று, பரிசோதனைத் தாளைக் காட்டி, "அண்ணை, உங்கள் கிணற்றையும் நாம் கெடுத்திருக்கக் கூடும்" என்று சொன்னோம். அவர் தாளைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "மாஸ்ரர், என்ரை வெங்காயத் தறைக்கு நான் போட்ட யூரியாவையும் கணக்கிலை சேருங்கோ" என்றார். இருவரும் அடுத்த வாரமே அவர் கிணற்று நீரையும் அனுப்பினோம்.

குழந்தை பிறந்துவிட்டது, பெண். தாய்ப்பால் மட்டுமே உண்கிறாள். உதடுகள் செந்நிறமாகவே உள்ளன. வீட்டுக் குடிநீரைக் குடத்திலே வெளியிலிருந்து கொண்டுவருகிறோம். கிணறு இப்போதைக்குக் குளிக்கவும் தோய்க்கவும் மட்டும். ஓராண்டு கழித்து மீண்டும் சோதிப்போம். உடனே தேறும் என்று எண்ணவில்லை. றொட்டர்டாம் நகரத்தார் மூன்றரை ஆண்டு காத்திருந்தார்கள். நாமும் மாரிகள் சிலவற்றைப் பார்க்கத்தான் வேண்டும்.

இத்தனையையும் அன்னையாருக்கு ஒருநாள் இரவு விளக்கிச் சொன்னோம். பற்றீரியாக்களின் பெயர்களை அவர் பொருட்படுத்தவில்லை. மடியிற் கிடந்த பேத்தியைத் தட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டார். கேட்டபின், "அப்ப, கிணத்திலை பிழையில்லை எண்டு சொல்லு" என்றார்.

ஆம், அம்மா. கிணற்றிலே பிழையில்லை.